வாயிலும் அடைக்கலமும்: கணவன் கொடுமைக்கு ஆளான மகளிரும் துணை நின்றோரும்

கணவன் கையால் துன்புறும் பெண்ணுக்குத் துணையாவார் யாவர்? அத்துணை அவளை எங்கே கொண்டு சேர்க்கின்றது? அத்துன்பத்தை அவள் எவ்வாறு ஆற்றுகின்றாள்? இவ்வினாக்களைச் சமூகவியலாரும் உளவியலாரும் இந்நாளில் விரிவாக ஆராய்கின்றனர். இலக்கியம் கற்போரும் இவற்றை எழுப்புதல் வேண்டும். இல்லறத்தைப் பற்றித் தமிழ்போல் நுணுகி வகுத்த இலக்கணம் உடைய மொழிகள் மிகச் சில. அவ்வகுப்பில் துன்புற்ற மனைவிக்கு எவ்விடம் தரப்பட்டது என்று காண்பது தமிழ் ஆய்வாளரின் கடமையாகும்.

தமிழ் மரபு இப்பொருள் பற்றி இரண்டு சொற்களை நமக்கு வழங்கியுள்ளது. ஒன்று வாயில், மற்றொன்று அடைக்கலம். பிரிந்தோரைச் சேர்த்து வைப்போர் வாயில்கள். அஞ்சி வந்தோரைக் காப்பது அடைக்கலம். இரண்டும் துணையே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. கணவன் கொடுமைக்கு ஆளான பெண் நாடுவது அடைக்கலம். அவளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது வாயில். இவ்வேறுபாட்டை நம் இலக்கியம் பல இடங்களிற் காட்டியிருக்க, திறனாய்வாளர் காணாது விட்டனர் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. வாயில்கள்

தொல்காப்பியர் கற்பியலில் வாயில்களை எண்ணித் தருகின்றார். தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாடினி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் எனப் பன்னிருவர் அவர். வீட்டினர் முதல் வழியிற் கண்டோர் வரை ஊரே இப்பட்டியலுள் அடங்கிவிடுகின்றது. ஒரு குடும்பத்தின் பிணக்கைத் தீர்க்க இத்துணைப் பேர் உரிமை பெற்றிருந்தனர் என்பது பெருமைக்குரிய செய்தியே. கணவன் மனைவியர் பூசல் நான்கு சுவருக்குள் அடங்கவேண்டிய தனிச்செய்தி என்னும் எண்ணம் அன்று இல்லை.

ஆயினும் இப்பன்னிருவரும் எத்திசையில் நடக்கின்றனர் என்று பார்த்தல் வேண்டும். பரத்தையிடமிருந்து மீளும் தலைவனுக்காக இவர் தலைவியின் முன் வந்து நிற்பர். அவள் வாயில் நேர்தலும் உண்டு, மறுத்தலும் உண்டு. மறுப்பினும் அம்மறுப்பு நெடிது நீடிப்பதில்லை. ஊடல் உணர்தலில் முடியும். ஆகவே வாயில் என்னும் கதவு உள்நோக்கியே திறப்பது. தலைவன் வீட்டினுள் வருதற்கு அமைந்தது. தலைவி வெளியே செல்லுதற்கு ஒரு வாயிலும் வகுக்கப்படவில்லை.

இதனைக் குறை என்று உடனே கூறிவிடுதல் பொருந்தாது. அகப்பொருள் என்பது அன்பின் ஐந்திணை. அங்கே தலைவன் பிரிவான், பொய்யுரைப்பான், பரத்தையை நாடுவான், கை ஓங்கான். களவுக் காலத்தில் தாய் சிறுகோல் கொண்டு மகளை அலைப்பதைச் சங்கப் பாடல்கள் கூறும். கணவன் மனைவியை அடித்தலை ஐந்திணையின் உரிப்பொருளாக அவை வைக்கவில்லை. ஊடலுக்கென்று வகுத்த மருந்து ஊடலுக்குப் பொருந்தும். அதனையே கொடுமைக்கும் மருந்தாகப் பிற்காலத்தார் கொண்டதுதான் பிழை. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்னும் பழமொழி அப்பிழையின் சுருக்கம். அச்சத்தையும் ஊடலையும் ஒன்றாக்கி, வாயிலின் வேலையை அது எளிதாக்கி விடுகின்றது.

2. ஆற்றுதல் என்னும் சொல்

துன்பத்தைத் தாங்கும் முறைக்குத் தமிழில் உரிய சொல் ஆற்றுதல். ஆற்றியிருத்தல், ஆற்றாமை, ஆற்றுவித்தல் என அகப்பொருள் உரைகளில் இச்சொல் பயின்று வரும். ஆற்றுவித்தல் தோழியின் தலையாய தொழில். இவ்வினைக்குப் பொறுத்தல் என்றும், தணியச் செய்தல் என்றும், செய்து முடித்தல் என்றும் பொருள்கள் உள்ளன. சூட்டை ஆற்றுகின்றோம், கடமையையும் ஆற்றுகின்றோம். ஆற்றல் என்னும் பெயரோ வலிமையைக் குறிக்கின்றது. ஆகவே ஆற்றுதலைப் பொறுமை என்று மட்டும் உரைப்பது அச்சொல்லின் பாதியை மறைப்பதாகும்.

உளவியல் அறிஞர் இலாசரசும் போல்க்மனும் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஆற்றுதலை இருவகைப்படுத்தினர். துன்பத்தின் காரணத்தை மாற்ற முயல்வது ஒன்று. துன்பத்தால் எழும் உள்ளக் கொதிப்பைத் தணிப்பது மற்றொன்று. ஒருவர் எவ்வகையை மேற்கொள்கின்றார் என்பது அவர் தம் நிலையை எவ்வாறு மதிப்பிடுகின்றார் என்பதைப் பெரிதும் பொறுத்தது. மாற்ற இயலும் என்று கருதுவோர் முதல் வகையை நாடுவர். இயலாது என்று கருதுவோர் இரண்டாம் வகையை நாடுவர். தமிழ்ச் சொல் தன்னுள் கொண்டிருக்கும் இருபொருளும் இவ்விரு வகையோடு ஒத்து நிற்றல் காண்க.

இதிலிருந்து திறனாய்வாளர் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. வாய்மூடிப் பொறுத்திருக்கும் மனைவியை இயல்பிலேயே பொறுமை உடையவள் என்று நாம் கூறிவிடுகின்றோம். அவளது அமைதி அவளுடைய இயல்பைக் காட்டுவதினும் அவளைச் சூழ்ந்தோரைப் பற்றிய அவளது மதிப்பீட்டையே மிகுதியாகக் காட்டலாம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இந்திய மகளிரைப் பற்றித் தரும் செய்தி இங்குக் கருதத்தக்கது. உடலால் அல்லது பாலியல் முறையால் வன்முறைக்கு ஆளானதாகக் கூறிய பெண்களுள் 100க்கு 14 பேரே பிறர் உதவியை நாடினர். 77 பேர் உதவியை நாடவும் இல்லை. எவரிடமும் சொல்லவும் இல்லை. இத்துணைப் பேரும் பொறுமையின் வடிவங்கள் என்று கொள்ளுதல் எளிது. சொன்னால் என்ன விளையும் என்று எண்ணிப் பார்த்து வாய்மூடியவர் என்று கொள்ளுதலே அறிவுக்குப் பொருந்துவது.

3. பேகன் மனைவிக்காகப் பாடியோர்

வாயிலின் உயர்ந்த வடிவத்தைப் புறநானூற்றிற் காண்கின்றோம். வையாவிக் கோப்பெரும் பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் ஒழுகினான். அவள் பொருட்டுக் கபிலரும், பரணரும், அரிசில் கிழாரும், பெருங்குன்றூர் கிழாரும் பாடினர். 143 முதல் 147 வரை உள்ள ஐந்து பாடல்கள் அவை. அவற்றுள் இரண்டு பரணருடையன. இஃது அடியும் உதையும் பற்றிய செய்தியன்று, கைவிடுதல் பற்றியது. எனினும் துன்புற்ற மனைவிக்காகச் சான்றோர் ஒருமித்துக் குரல் எழுப்பிய நிகழ்ச்சி ஆதலின் இங்கு ஆராயத்தகும்.

அப்புலவர் பரிசில் பெற்று வாழ்வோர். அவ்வாழ்க்கையை உடையோர், எமக்குப் பொன் வேண்டா, நீ இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே யாம் வேண்டும் பரிசில் என்னும் கருத்துப்பட உரைத்தனர். தமக்கு இழப்பு வரும் என்று அறிந்தே பேசினர். துணை நிற்போர் தம் பக்கத்தில் ஏதேனும் ஒன்றைப் பணயம் வைத்தல் வேண்டும் என்னும் அளவுகோலை இப்பாடல்கள் நமக்குத் தருகின்றன.

ஆயினும் 144ஆம் பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. அழுதுகொண்டு நின்றவளைப் பரணர், நீ பேகனுக்கு உறவினளோ என்று வினவுகின்றார். அவளோ தான் உறவினள் அல்லள் என்கின்றாள். தன்னைப் போன்ற வேறொருத்தியின் நலத்தை விரும்பி அவன் செல்வதைச் சொல்கின்றாள். உறவு இல்லை என்று தன் வாயாலேயே கூறிய ஒருத்தியிடம், இனி உன் விருப்பம் யாது என்று கேட்டதாக அப்பாட்டில் இல்லை. அவள் யார் என்பது கேட்கப்பட்டது. அவளுக்கு வேண்டுவது யாது என்பது கேட்கப்படவில்லை. ஐந்து பாடல்களும் பேகனை நோக்கியனவே. வாயிலின் பெருமையும் அதன் எல்லையும் இவ்வைந்து பாடல்களில் ஒருங்கே விளங்குகின்றன.

4. பழையனூர் அவை

வாயில் கொடுமைக்கு மருந்தாகாது என்பதை அறிவிக்கும் கதை பழையனூர் நீலி கதை. திருவாலங்காட்டை அடுத்துள்ள பழையனூரில் எழுபது வேளாளர் தம் உயிரை ஈந்து சொற்காத்த செய்தி சைவ மரபிலும் நாட்டார் வழக்கிலும் நெடுங்காலமாகப் போற்றப்படுகின்றது. கதைக்கு வடிவங்கள் பல. அவற்றிற் பரவலாக வழங்குவது இது: ஒருவன் தன் மனைவியைக் கொன்றான். அவள் பேயானாள். அவன் மறுபிறப்பில் வணிகனாகிப் பழையனூர்ப் பக்கம் வந்தபோது, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவன் மனைவி போலத் தொடர்ந்தாள். அவன் அஞ்சி ஊரவையிடம் முறையிட்டான். அவளும் முறையிட்டாள். அவையோர் அவளை மனைவி என்றே நம்பினர். வணிகன் தன் காவலுக்கு வைத்திருந்த வாளை வாங்கிக்கொண்டு இருவரையும் ஓரிடத்தில் தங்க வைத்தனர். உனக்குத் தீங்கு நேரின் எங்கள் உயிரைத் தருவோம் என்று பிணை கூறினர். விடிந்தபோது வணிகன் இறந்து கிடந்தான். எழுபதின்மரும் தீப்புகுந்தனர்.

இக்கதையை வாய்மையின் சிறப்பைக் காட்டுவதற்கே நாம் பயன்படுத்தி வந்துள்ளோம். அது தகும். ஆயின் வேறொரு பக்கமும் இதற்கு உண்டு. கொல்லப்படுவோம் என்று அஞ்சி வந்த ஒருவனை அவை எவ்வாறு நடத்தியது? அவன் அச்சத்தை மெய்யென்று ஏற்கவில்லை. குடும்பப் பூசல் என்று முடிவு செய்தது. அவன் கையிலிருந்த காவலைப் பறித்தது. அஞ்சியவனையும் அஞ்சப்பட்டவளையும் ஓரறையில் விட்டது. காலையில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியது. அவையோர் தீயவர் அல்லர். உயிரையே கொடுத்த சான்றோர். சான்றாண்மையும் பிணையும் இருந்தும் ஓர் உயிர் போயிற்று. அஞ்சினோர் சொல்லைக் கேளாத நல்லெண்ணம் எங்கே கொண்டு விடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கதையில் அஞ்சியவன் ஆண். ஊர்களில் இவ்வாறு அஞ்சி முறையிட்டு, அறிவுரை கூறப்பெற்று, அன்றே கணவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவோர் பெண்கள். கதை இவ்விடங்களை மாற்றி வைத்திருப்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவள் மனைவியாக உயிரோடு இருந்து கொல்லப்பட்டபோது ஓர் அவையும் கூடவில்லை; ஒருவரும் பிணை நிற்கவில்லை. பேயாகி வந்தபோது எழுபது பேர் கூடி அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். உயிரோடிருந்த மனைவிக்குக் கிடையாத செவி, இறந்த மனைவிக்குக் கிடைத்தது. கணவனாற் கொல்லப்பட்ட பெண்களைத் தெய்வமாக்கி வழிபடும் நாட்டார் மரபுக்கும் இதுவே அடிப்படை போலும். ஊர் தான் காலத்தில் செய்யாததைப் பின்னர்ப் படையலாகச் செய்கின்றது.

5. மலையுச்சியும் அதன் பின்னும்

நீலகேசிக் காப்பியம் இப்பழையனூர் நீலியைச் சமணம் சார்ந்து வாதிடுபவளாக ஆக்கியது. அவளோடு வாதிட்டுத் தோற்றவளாக அந்நூல் காட்டுபவள் குண்டலகேசி. ஒருத்தி கணவனாற் கொல்லப்பட்டவள். மற்றொருத்தி கணவனாற் கொல்லப்படவிருந்து தப்பியவள். சமய வாதத்தில் எதிரெதிர் நின்ற இவ்விருவரும் பட்ட துன்பம் ஒன்றே என்பதை இருபக்கத்து உரைகாரரும் பேசவில்லை.

நாதகுத்தனார் இயற்றிய குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. பத்தொன்பது பாடல்களே எஞ்சின. கதை நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவர் வரைந்த உரையால் தெரியவருகின்றது. பாலி மொழியில் உள்ள தம்மபத உரையும் அதனைச் சிறிது வேறுபட உரைக்கின்றது. வணிகன் மகள் பத்திரை, கொலைக்குக் கொண்டு செல்லப்பட்ட கள்வன் ஒருவனைக் கண்டு காதல் கொள்கின்றாள். தந்தை அவனை மீட்டு மணம் செய்விக்கின்றான். பின்னர் அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல முயல்கின்றான். இறக்குமுன் உம்மை வலம் வந்து வணங்குகின்றேன் என்று கூறி, வலம் வருவாள் போல் அவனைக் கீழே தள்ளி அவள் உயிர் தப்புகின்றாள்.

கொலைக்குரிய காரணம் இரு வடிவங்களிலும் வேறுபடுகின்றது. பாலி உரையில் அவன் அவளுடைய அணிகலன்களை விரும்பினான். தமிழ் உரையிலோ, ஊடற்காலத்தில் அவள் விளையாட்டாக, நீ கள்வன் அன்றோ என்றாள்; காளன் அச்சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டான். இவ்வேறுபாடு மிக இன்றியமையாதது. ஊடலில் தலைவி தலைவனைக் கள்வன் என்றலும் கொடியன் என்றலும் அகமரபில் இன்பத்திற்கு உரமாவன. அதே சொல் இங்கே கொலைக்குக் காரணமாயிற்று. ஊடும் உரிமை மனைவியின் கையில் உள்ளதன்று. கணவன் விட்டுக்கொடுக்கும் அளவே அவ்வுரிமை என்பதைத் தமிழ்க் கதை அறிந்தே வைத்தது போலும். தண்டனை வரும் என்று அஞ்சி ஒருத்தி தன் சொல்லை அளந்து பேசும் வீட்டில் ஊடல் என்பது இல்லை, அச்சமே உண்டு. இதனையே இக்காலத்தார் அடக்கியாளுதல் என்பர். அடி விழாத நாளிலும் அது நடந்துகொண்டேயிருக்கும்.

மலையுச்சியைக் காட்டிலும் அதன் பின் நிகழ்வது நம் ஆராய்ச்சிக்கு ஏற்றது. பாலி உரையின்படி, மலையில் உறையும் தெய்வம் அவள் அறிவைப் பாராட்டுகின்றது. அவளோ வீட்டுக்குத் திரும்பவில்லை. அவள் எண்ணம் இவ்வாறு ஓடுகின்றது: வீட்டார் கணவன் எங்கே என்பர், கொன்றேன் என்றால் நாவால் குத்துவர், நகைக்காக என்னைக் கொல்ல வந்தான் என்றால் நம்பமாட்டார். இவ்வாறு எண்ணித் துறவியர் இருக்கை நோக்கிச் செல்கின்றாள். தெய்வம் நம்பியதை வீடு நம்பாது என்பது அவள் கணிப்பு. அவள் ஏழையல்லள், துணையற்றவளும் அல்லள். அவள் விரும்பினாள் என்பதற்காகக் கொலைக்களத்திலிருந்து ஒருவனை மீட்டுத் தந்த தந்தை உடையவள். அத்தகைய அன்புடைய வீட்டையும் அவள் இவ்விடத்தில் நம்பவில்லை. அன்பு இருப்பது வேறு. நம்பிக் கேட்கும் செவி இருப்பது வேறு.

கொலையைப் புகழ்தல் இக்கட்டுரையின் நோக்கன்று. அவள் தன் உயிரைக் காக்கச் செய்தது அச்செயல். துறவியர் பள்ளி அவளுக்கு என்ன தந்தது என்பதே காணத்தக்கது. இருக்க இடம் தந்தது, கல்வி தந்தது, தன்னையொத்த பெண்களின் கூட்டத்தைத் தந்தது. முளைத்த கூந்தல் சுருண்டு வளர்ந்தமையால் குண்டலகேசி என்று புதிய பெயரும் பெற்றாள். நாவற்கிளையை நட்டு ஊர்தோறும் வாதுக்கு அழைத்தாள். பின்னர்ச் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத் துறவியானாள். தன்னை நம்பார் என்று வீட்டை விலக்கியவள், அவை நடுவே சொல் வல்லவளாக நின்றாள். ஆற்றுதல் என்னும் சொல்லின் இரண்டாம் பொருள் இங்கே நிறைவெய்துகின்றது. அவள் ஆற்றியிருக்கவில்லை, ஆற்றல் பெற்றாள். அதற்கு வேண்டிய இடம் இல்லறத்துக்கு வெளியே இருந்தது என்பது மட்டும் நெஞ்சை உறுத்துகின்றது.

6. பிறந்த வீடு

உதவியை நாடிய மகளிருள் பெரும்பாலோர் நாடுவது பிறந்த வீட்டையே என்று மேற்கூறிய கணக்கெடுப்பு காட்டுகின்றது. பிறந்த வீட்டின் கதவைப் பற்றித் தமிழ்நாட்டார் மறவாது பாடிவரும் கதை நல்லதங்காள் கதை. அங்குத் துன்பத்தின் காரணம் கணவன் அல்லன், பஞ்சம். ஏழு குழந்தைகளோடு தமையன் வீட்டை நோக்கி வந்தவளை, தமையன் இல்லாத வேளையில் அண்ணி மூளி அலங்காரி இழிவுபடுத்தினாள். நல்லதங்காள் குழந்தைகளைக் கிணற்றிலிட்டுத் தானும் வீழ்ந்தாள். தமையன் அன்புடையவன் என்று கதை வற்புறுத்தும். அவ்வன்பு உரிய வேளையில் வாயிற்படியில் இல்லை.

அண்ணியின் கொடுமையைப் பேசி இக்கதையை முடித்துவிடுதல் வழக்கம். அவ்வீட்டில் நல்லதங்காளுக்கு உரிமை ஏதும் இல்லை என்பது உடன் கருதப்படவேண்டும். உரிமை இல்லாத இடத்தில் ஒருத்தி விருந்தினள். விருந்தின் அளவு வீட்டார் மனத்தின் அளவு. கணவன் வீட்டிலிருந்து அடிபட்டு வரும் மகளுக்கும் இதுவே நிலை. சில நாள் தங்கலாம். பின்னர், எப்போது போகின்றாய் என்னும் வினா எழும். இந்து மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனோடு ஒத்த உரிமையைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தாலும், இந்தியா முழுமையும் 2005ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் வழங்கின. இதனைச் சொத்துச் செய்தியாக மட்டும் கருதலாகாது. விருந்தினளை உரியவளாக்குவது அது. ஆயினும் உரிமையை விட்டுக்கொடுத்து உறவைக் காப்பவளே நல்ல தங்கை என்னும் எண்ணம் நிலவும் வரை, நல்லதங்காள் கதை பழங்கதை ஆகாது.

7. தெரு

வீடும் அவையும் பிறந்தகமும் கைவிட்டபின் எஞ்சுவது தெரு. பாமாவின் சங்கதி (1994) அத்தெருவை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தது. வயலில் உழைத்துத் திரும்பும் தலித் மகளிர் வீட்டில் அடிபடுவதை அந்நூல் மறைக்காது கூறுகின்றது. சாதியால் வெளியிலும், கணவனால் உள்ளிலும் அவர் படும் இருமடித் துன்பம் அதன் பொருள். அந்நூலில் வரும் இராக்கம்மா அடிக்க வரும் கணவனைத் தெருவறிய ஏசுகின்றாள். நாணத்தையும் துறந்து கூவுகின்றாள். கேட்போர் முகம் சுளிக்கின்றனர். கதை சொல்பவளோ, அவள் அவ்வாறு கூவியதனாலன்றோ தப்பினாள் என்று எண்ணிப் பார்க்கின்றாள்.

இப்பகுதி வெளிவந்த நாள்தொட்டு இதன் மொழியைப் பற்றி முணுமுணுப்போர் உளர். ஏச்சு மொழி இலக்கியத்துக்கு ஆகுமா என்பது அவர் வினா. அவ்வேச்சு என்ன வேலை செய்கின்றது என்று அவர் பார்த்திலர். சுவருக்குள் நிகழும் கொடுமைக்குச் சான்று இல்லை. கூவிய அளவில் தெரு முழுவதும் சான்றாகின்றது. தொல்காப்பியர் இறுதியில் வைத்த கண்டோர் என்னும் வாயிலை, அவள் தனக்குக் காவலாக மாற்றிக்கொள்கின்றாள். பேகன் மனைவி அழுது பெற்ற துணையை இவள் ஏசிப் பெறுகின்றாள். நாகரிகம் என்று நாம் சொல்வது பல இல்லங்களில் ஒலி வெளியே கேளாத தடித்த சுவர்தான். மெல்லப் பேசும் குடும்பங்களில் கொடுமை இல்லை என்பது இதனால் பெறப்படாது. அங்கே கண்டோர் இல்லை என்பதே பெறப்படும். எனினும் தெரு தரும் காவல் ஒரு நாளைக் காவல். மறுநாளும் அவள் கூவ வேண்டும். துணை அவளைத் தேடி வருவதில்லை; ஒவ்வொரு முறையும் அவளே அதனை எழுப்ப வேண்டியவளாகின்றாள்.

8. அடைக்கலம்

இனி அடைக்கலம் என்னும் சொல்லுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கின்றார். கண்ணகி கணவன் அடிக்கு அஞ்சி வந்தவள் அல்லள். அக்கருத்தின் இயல்பை அறிதற்கே இப்பகுதியைக் காட்டுகின்றோம். மாதரி அவளுக்குக் காவலுடைய தனிமனை தருகின்றாள். சமைக்கக் கலங்கள் தருகின்றாள். தன் மகள் ஐயையைத் துணையாக்குகின்றாள். அறிவுரை கூறுவதில்லை, பழைய கதையைக் கிளறுவதில்லை. பின்னர்க் கோவலன் கொலையுண்ட செய்தியறிந்து, அடைக்கலம் இழந்தேன் என்று தீப்புகுகின்றாள்.

பழையனூர் எழுபதின்மரும் தீப்புகுந்தனர். ஆய்ச்சி மாதரியும் தீப்புகுந்தாள். கொடுத்த விலை ஒன்றே. ஏற்ற பொறுப்பு வேறு. அவையோர் சேர்த்து வைத்தலுக்குப் பிணை நின்றனர். மாதரி காத்தலுக்குப் பிணை நின்றாள். அவையோர் அஞ்சியவன் வாளை வாங்கினர். மாதரி வந்தவளுக்கு வேலியிட்ட மனையைத் தந்தாள். வாயிலுக்கும் அடைக்கலத்துக்கும் உள்ள வேறுபாடு இவ்வொப்பீட்டால் விளங்கும்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 26-10-2006 முதல் நடைமுறைக்கு வந்தது. உடலுக்குச் செய்யும் தீங்கோடு, சொல்லாலும் உள்ளத்தாலும் பொருளாலும் பாலியலாலும் செய்யும் தீங்குகளையும் அது வன்முறை என்கின்றது. கூடி வாழ்ந்த வீட்டில் தங்கியிருக்கும் உரிமையை மனைவிக்கு அளிக்கின்றது. பாதுகாப்பு ஆணை பெற வழி செய்கின்றது. பாதுகாப்பு அலுவலரையும் தங்கும் இல்லங்களையும் குறிப்பிடுகின்றது. வெளியேறுதல் ஒன்றே வழி என்று மலையிலிருந்து இறங்கிய பத்திரைக்குக் கிடையாத இரண்டாவது வழி இது. வீட்டிலிருந்து அச்சத்தை வெளியேற்றி அவளை உள்ளே இருத்துதல். அடைக்கலம் என்னும் நம் பழஞ்சொல் சட்டத்தில் உரிமையாக மாறியிருக்கின்றது.

ஆயினும் சட்டம் மனிதர் கையால் நடப்பது. தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992 முதல் தோன்றின. அங்கேயோ, ஊர்ப் பெரியவர் முன்னோ, உறவினர் கூட்டத்திலோ ஒரு பெண் முறையிடும்போது, எத்தனை குடும்பங்களைச் சேர்த்து வைத்தோம் என்பதே வெற்றியின் கணக்காகுமாயின், அவள் அடைக்கலத்தின் பெயரால் மீண்டும் வாயிலையே அடைகின்றாள். பிரிய முயலும் காலமே பேரிடர் மிகுந்த காலம் என்பது இத்துறை ஆய்வாளர் பலரும் உடன்படும் உண்மை. அக்காலத்தில் வாளை வாங்கிக்கொண்டு அறையில் விடுதல் எத்தகையது என்பதைப் பழையனூர் சொல்லும்.

முடிபு

இவ்வாராய்ச்சியால் இலக்கியத் திறனாய்வுக்குக் கிடைக்கும் அளவுகோல்கள் மூன்று. துன்புற்ற மனைவிக்குத் துணை நிற்கும் பாத்திரம் எதுவாயினும், அப்பாத்திரம் அவள் சொல்லை நம்பிக் கேட்டதா என்று பார்த்தல் ஒன்று. தன் பக்கத்தில் எதனை இழக்க முன்வந்தது என்று பார்த்தல் மற்றொன்று. அது காட்டிய கதவு திரும்புதற்கு மட்டும் திறக்கின்றதா, வெளியேறுதற்கும் அங்கேயே அச்சமின்றி இருத்தற்கும் திறக்கின்றதா என்று பார்த்தல் மூன்றாவது. பேகனைப் பாடிய புலவர் இரண்டாவதில் உயர்ந்தனர். பழையனூரார் இரண்டாவதில் உயர்ந்தும் முதலதில் வழுவினர். மாதரி ஒருத்தியே மூன்றிற்கும் அணித்தாக நிற்கின்றாள்.

கற்பு என்பதற்குப் பொறுமை என்று மட்டும் பொருள் கூறி, அடிபட்டும் ஆற்றியிருந்தவளை வகுப்பறையில் போற்றுவோமாயின், நாமும் பன்னிரு வாயில்களோடு பதின்மூன்றாவது வாயிலாகின்றோம். நம் முன் அமர்ந்து அப்பாடத்தைக் கேட்கும் மாணவியருள், தன் தாய்க்கோ தமக்கைக்கோ தனக்கோ அதனைப் பொருத்திப் பார்ப்போர் இருப்பர். 100க்கு 77 பேர் எவரிடமும் சொல்வதில்லை என்னும் கணக்கில் அவரும் அடங்குவர். ஆற்றுதலுக்குப் பொறுத்தல் என்னும் பொருளோடு செய்தல் என்னும் பொருளும் உண்டு என்பதையும், வாயிலின் வேறாக அடைக்கலம் என்று ஒன்று தமிழில் உண்டு என்பதையும் நாம் எடுத்துரைத்தல் வேண்டும். அங்ஙனம் உரைத்தல் நூலுக்குப் புதுப்பொருள் ஏற்றுதல் ஆகாது. நூலில் உள்ள பொருளை முழுதும் கூறுதலே ஆகும்.